மச்சாது கணக்குல ரெண்டு பாயிண்ட்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார், பழம் நசுங்கிரும். சிறுமலைப் பழம். எனக்கில்ல, தூத்துக்குடியில ஒரு எதிரிக்கு. ஆமா சார், எதிரிக்குத்தான். மன்னிப்புக் கேக்கப் போறேன். அந்த மாதிரி எடத்துக்கு வெறுங்கையோடவா போறது? ஒண்ணு எடுத்துக்கங்க. அட எடுங்க சார். அவனுக்கு ஒரு சீப்பே ஜாஸ்தி.

நீங்க எட்டயபுரமா? நல்லது. அருப்புக்கோட்டை தாண்டிட்டா ரோட்டுல பாக்குறதுக்கு ஒண்ணும் இல்ல. வேலிக்கருவையைப் பாத்துக்கிட்டு வரப்போறீங்களா? என்னையப் பாருங்க.

என்னைய எங்கயும் பாத்த மாதிரி இருக்காது. கேட்ட மாதிரி இருக்கும். திண்டுக்கல்லுல பாஸ்கட்பால் மேட்ச் பாத்திருக்கீங்களா? கார்ப்பரேஷன் ஸ்கூலு பசங்க ஆடுறதில்ல சார். லீகு. ஆளுங்களைச் சம்பளத்துக்கு எடுத்து, கலர் கலரா டிரெஸ்சு மாட்டி, டிக்கெட்டு போட்டு நடத்துறாய்ங்களே, அது. நம்ம டீமு திண்டுக்கல் லாக்ஸ், பூட்டு ஊராச்சே. அங்க மைக்கு நாந்தான். மைக் நல்லதம்பி. கல்யாணத்துக்கு, காது குத்துக்கு மைக்செட் போடுறதும் நாந்தான். ஆனா லீகு மைக்கு வேற சார். மூவாயிரம் பேரு உக்காந்திருப்பாய்ங்க. நான் வாயத் தொறந்தாத்தான் அவய்ங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியும்.

வேலை என்னான்னா, பந்து கூடையில விழுந்தா யாரு போட்டான்னு சொல்லணும். ஃபவுலுன்னா யாரு, எத்தனாவதுன்னு சொல்லணும். கால்வாசி ஆட்டம் முடியுறப்பல்லாம் கணக்கு வாசிக்கணும். யாரு எத்தனை தடவை எறிஞ்சான், எத்தனை உள்ள போச்சு, வெளிய வந்த பந்தை யாரு புடிச்சான், அம்புட்டும். பக்கத்துல ரஹிமா மேடம்னு ஒரு அம்மா, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு லேப்டாப்புல தட்டிக்கிட்டே இருக்கும். தட்டுனது ஸ்கிரீன்ல வரும், நான் வாசிப்பேன்.

சும்மா வாசிச்சா அது வாசிப்பா சார்? வாட்டர் பில்லு வாசிக்கிற மாதிரி இருக்கும். நான் குரல் போட்டு வாசிப்பேன். ரெஃப்ரி விசிலை வாயில வச்சுக்கிட்டே திட்டுவாருல்ல, அந்த மாதிரி. டீம் ஓனரு தும்முறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாரு, அது. எல்லாத்தையும் விட ஜோஜி சாரு. எங்க கோச்சு. கோட்டயத்துக்காரரு. "எந்தா மோனே, நின்னு ஒறங்குறியா? கை எவ்விட?" கேட்டீங்களா? கண்டக்டரே திரும்பிப் பாக்குறாரு பாருங்க. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா எது ஜோஜி சாரு, எது நல்லதம்பின்னு அவரு சம்சாரத்துக்கே தெரியாது.

சரி, எதிரிக்கு வருவோம். பேரு ரெக்சன் மச்சாது. தூத்துக்குடி ஷார்க்ஸ் கேப்டன். ஒம்பதாம் நம்பரு. ஆளு பாக்க நல்லாத்தான் இருப்பான், அதுவே எரிச்சலு. போன வருசம் மொத மொத எங்க ஊருக்கு ஆட வந்தான். முப்பத்தோரு பாயிண்டு போட்டான். போட்டுத் தொலைச்சிட்டுப் போக வேண்டியதுதானே? நேரா மேசைக்கு வர்றான். ரஹிமா மேடம் இருக்கு, நாலு வாலண்டியரு இருக்கான். என் தோள்ல கையப் போட்டு, "அண்ணாச்சி, ஒங்க மைக்கக் கேட்டா எங்கூரு கல்யாண வீட்டுல உக்காந்த மாதிரியே இருக்கு பாத்துக்கிடுங்க"ங்கிறான்.

கல்யாண வீடு! என்னையப் பாத்து!

ரஹிமா மேடம் சொல்லுச்சு, "அவரு பாராட்டித்தான சொன்னாரு"ன்னு. பாராட்டு எது, நக்கலு எதுன்னு எனக்குத் தெரியாதா சார்? வாயிலயே பொழைக்கிறவன் நான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இவனுக்கு ஒரு நாளு முட்டை வாசிக்காம விடக் கூடாது.

முட்டைன்னா, பாயிண்டே போடாம ஆட்டத்த முடிக்கிறது. லீகு ஆரம்பிச்ச நாள்லேருந்து மச்சாது ஒரு மேட்சுல கூட முட்டை வாங்குனதில்ல. அதுல அவனுக்கு ஒரு பெருமை. இல்ல, அவன் வாயால சொன்னதில்ல. மூஞ்சியில தெரியும்.

வந்தான் சார் இந்த வருசம். போன மாசம். வலது கையில ரெண்டு விரலைச் சேத்துப் பிளாஸ்திரி சுத்திக்கிட்டு வந்தான். வீங்கியிருக்காம். நடிப்பு. நானும் தான் கொடைக்கானல் குளிர்ல தொண்டை கட்டி மைக் புடிச்சிருக்கேன், பிளாஸ்திரியா போட்டேன்?

மொதல் எறி, வெளிய. நான் மைக்குல, "நம்பர் ஒம்பது, ரெக்சன் மச்சாதூஊஊ, ஒண்ணு!"ன்னேன். ஜனம் சிரிச்சுச்சு. ரெண்டாவது, அதுவும் வெளிய. "ரெண்டு!" மூணாவதுக்கு ஜனமே என்னோட சேந்து எண்ண ஆரம்பிச்சிருச்சு. அந்தச் சொகம் இருக்கே சார். மூவாயிரம் பேரு ஒருத்தனோட தோல்விய எண்ணுறது. பொதுவா மைக்குக்காரன் எதிர் டீமைக் கேலி பண்ணக் கூடாதுன்னு லீகுல சொல்லியிருக்காய்ங்க. நான் எங்க கேலி பண்ணேன்? எண்ணுனேன். எண்ணுறது எப்பிடிக் கேலியாகும்?

ஆஃப் டயத்துல கணக்கு வாசிச்சேன். "மச்சாது, எறிஞ்சது ஏழு, விழுந்தது முட்டை." ரஹிமா மேடம் ஸ்கிரீனைக் காட்டி, "அசிஸ்ட்டையும் வாசிங்க நல்லதம்பி"ங்குது. அசிஸ்ட்டுன்னா, அடுத்தவன் கூடை போடுறதுக்கு வாகா பந்தை எடுத்துக் குடுக்குறது. எட்டு அசிஸ்ட்டு அவனுக்கு. தன்னால முடியலேன்னதும் மத்தவனுக்குப் பூராம் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருந்தான். அதான் அவய்ங்க ஒட்டிக்கிட்டே வந்தாய்ங்க. நான் வாசிக்கல. எதுக்கு வாசிக்கணும்? முட்டைக்குப் பக்கத்துல எட்டைச் சொன்னா முட்டைக்கு என்ன மதிப்பு?

நம்ம பக்கம் தீர்த்தகிரின்னு ஒருத்தன். அரூர்ப் பக்கத்துப் பய. புதுசா எடுத்தது. ஆறடி ஒம்பது அங்குலம். நான் அவனுக்கு மைக்குல 'நெட்டக் கொக்கு'ன்னு பேரு வச்சேன். ஊரே அப்பிடித்தான் கூப்பிடும். ஒரு நாளு எங்கிட்ட வந்து, "அண்ணா, அப்பிடிக் கூப்பிடாதீங்கண்ணா, வீட்டுல டிவியில பாக்குறாங்க"ன்னான். அப்பவே தெரிய வேணாமா, பிரபலம் பண்றதுன்னா என்னான்னே தெரியாத பயன்னு? அன்னைக்கி ரெண்டு வாட்டி சேத்துக் கூப்பிட்டேன்.

அவனுக்கு ஜோஜி சார் ஒரு பாடம் வச்சிருந்தாரு. வளையத்துல பட்டுப் பந்து வெளிய வந்துச்சுன்னா, அதைப் புடிச்சு நிறுத்தி எறியக் கூடாது. காத்துல இருக்கும்போதே விரலால திரும்ப உள்ள தட்டி விட்றணும். அதுக்கு டிப்புன்னு பேரு. இவன் கொஞ்சம் யோசிக்கிற பய. யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள பந்து போயிரும். அதனால சாரு தெனம் காலையில நிக்க வச்சு, "நீ ஆலோசிக்கண்டா. என் சப்தம் கேட்டா கை போணும். டிப், மோனே, டிப்!" மூணு மாசம் இதே வேலை. நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அந்த 'டிப்'புல ஒரு வெட்டு இருக்கு சார். தேங்காய ஒடச்ச மாதிரி. அதைப் புடிக்கத்தான் எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

கடைசி நிமிசத்துக்கு வர்றேன். நாம எழுவத்தொண்ணு, அவய்ங்க எழுவது. பந்து மச்சாது கையில. எறிஞ்சது பதினொண்ணு, பதினொண்ணும் வெளிய. மூணு செகண்டு பாக்கி. எறியுறான். வளையத்துல பட்டு மேல எந்திரிக்குது பந்து. பன்னெண்டு! முட்டை! ஆட்டம் முடிஞ்சிருச்சு, நாம ஜெயிச்சாச்சு, அவன் முட்டை வாங்கிட்டான், எல்லாம் ஒரே நேரத்துல. எனக்குச் சந்தோசம் தாங்கல. மைக்குல "பன்னெண்டூ!"ன்னேன். சொன்ன வாயோட, சும்மா ஒரு இதுக்கு, ஜோஜி சார் குரல்ல, "டிப், மோனே, டிப்!"

அம்புட்டுத்தான் சார் சொன்னேன்.

அந்தக் கொக்கு எந்திரிச்சுச்சு. நம்ம கூடைக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்த பய, பந்தைப் புடிச்சு அமுக்கி வச்சுக்கிட்டாப் போதும். கைய நீட்டி, விரலால, பூப் பறிக்கிற மாதிரி, தட்டுனான். உள்ள.

நம்ம கூடையில சார்! நம்ம பயலே நம்ம கூடையில போட்டுட்டான்! எழுவத்திரெண்டு, எழுவத்தொண்ணு. ஹார்ன் அடிச்சிருச்சு.

மூவாயிரம் பேரு இருக்குற ஹால்ல ஒரு கைப்புள்ள அழுறது கேட்டுச்சு எனக்கு.

இப்பத்தான் கூத்தே. தப்பா நம்ம கூடையில நாமளே போட்டா அந்த ரெண்டு பாயிண்டு யாரு கணக்குல எழுதணும்? சொல்லுங்க. போட்டவன் பேருலயா? இல்ல. எதிர் டீமு பேருல பொதுவாவா? அதுவும் இல்ல. ரூல் என்னான்னா, அந்த நேரத்துல ஆடிக்கிட்டிருக்கிற எதிர் டீம் கேப்டன் பேருல எழுதணும். எங்க போனாலும் இதான் ரூலு. எனக்கு மைக்குக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரியும். எந்த வீணாப்போனவன் உக்காந்து யோசிச்சானோ. நான் ரஹிமா மேடம் கையையே பாக்குறேன். அந்தம்மா ஒரு செகண்டு கூட யோசிக்கல சார். டக்கு டக்குன்னு தட்டிருச்சு. ஸ்கிரீன்ல வருது. நம்பர் ஒம்பது. மச்சாது. ரெண்டு.

ஒரு வருசம் காத்திருந்த முட்டை சார்.

நான் மைக்குல என்ன சொன்னேன்? "தூத்துக்குடி, ரெண்டு பாயிண்டு." நிறுத்திட்டேன். பேரச் சொல்லல. மச்சாது வந்துட்டான் சார் மேசைக்கு. வேர்வை ஒழுகுது. கோவமாவா வந்தான்? கோவப்பட்டாத் தேவலையே. சிரிச்சுக்கிட்டே, "அண்ணாச்சி, பன்னெண்டு தடவ எம்பேரச் சொன்னீய. இந்த ஒரு தடவையும் சொல்லிட்டீயன்னா நாங்க பஸ்ஸு ஏறிருவோம்"ங்கிறான்.

"மைக் ரிப்பேரு"ன்னேன்.

மைக்குலயே சொல்லிட்டேன். ஹாலு பூராம் கேட்டுச்சு. "மைக் ரிப்பேரு. மைக் ரிப்பேரு"ன்னு எதிர்ச் செவுத்துல வேற பட்டுத் திரும்பி வருது. தோத்துப்போயி உக்காந்திருந்த ஜனம் சிரிக்கிது சார், என்னையப் பாத்து. என் ஊரு ஜனம்! ரஹிமா மேடம் ஹெட்போனக் கழட்டி வச்சிட்டு, எங்கையிலருந்து மைக்க வாங்கி, பள்ளிக்கூடத்துல அட்டெண்டன்ஸ் எடுக்குற மாதிரி, "நம்பர் ஒம்பது, ரெக்சன் மச்சாது, ரெண்டு பாயிண்ட், பதினோரு அசிஸ்ட்"டுன்னுச்சு. கை தட்டுறாய்ங்க சார். எங்க ஊர்ல, அவனுக்கு.

மறு நாளே லீகுலேருந்து வந்துட்டாய்ங்க. "ஒரு வீரர் உங்க மேல புகார் குடுத்திருக்காரு, விசாரணை முடியுற வரைக்கும் மைக்கத் தொடாதீங்க." ஒரு வீரராம். பேரச் சொல்ல மாட்டாய்ங்களாம். பேரு வேற சொல்லணுமா எனக்கு? மச்சாதுவத் தவிர எவன் குடுப்பான்? வர்ற ஞாயித்துக்கிழமை செமி ஃபைனலு, திண்டுக்கல்லுல. என் மைக்குல இப்ப ஒரு எஃப்எம் பொடியனை உக்கார வச்சிருக்காய்ங்க. "ஹாய் திண்டுக்கல்"ங்கிறான் சார். ஹாய் திண்டுக்கல்! நான் மேட்சுக்குப் போகாம வீட்டுலேருந்து கேட்டேன். ரெண்டு தெரு தள்ளித்தான் ஹாலு. சோறு எறங்கல.

அதான் கெளம்பிட்டேன். மச்சாது கால்ல விழுறேனோ கையப் புடிக்கிறேனோ, "புகாரை வாபஸ் வாங்குறேன்"னு அவன் வாயால ஒரு வார்த்த லீகுக்குச் சொன்னாப் போதும். எம்மூஞ்சி எப்பிடி இருக்கு? வருத்தமா இருக்குற மாதிரி இருக்கா? இப்ப? வாயக் கொஞ்சம் கீழ இழுத்தா? அருப்புக்கோட்டையிலருந்து இதான் பழகிக்கிட்டு வர்றேன்.

லீகு கமிஷனரு கேட்டாரு சார், விசாரணையில. "கடைசியில மைக்குல ஏதாச்சும் கத்துனீங்களா?"ன்னு. அந்தக் கொக்கு சொல்லியிருக்கான், கோச் குரல் கேட்டுச்சு, அதான் கை போயிருச்சுன்னு. கோச்சக் கேட்டா, "ஞான் வாயில டவல் கடிச்சு நின்னேன், எங்ஙன கத்தும்?"ங்கிறாரு. நெசந்தான், டென்ஷனானா டவலைக் கடிப்பாரு. ஜனம் கத்துன கத்துல ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெளிவா வெளங்கல, டிவியில பதிஞ்சதுலயும் வெறும் இரைச்சல்தான். ரஹிமா மேடத்துக்கு ஹெட்போனு. நான், "மைக் ஆஃப்ல இருந்துச்சு சார்"னுட்டேன். பொய்யில்ல. ஆஃப் பண்ணணும்னு நெனச்சேன். நெனச்சதுக்கும் பண்ணதுக்கும் எவ்ளோ தூரம்? ஒரு சுட்டுவெரல் தூரம்.

அந்தக் கொக்கை இப்ப டீமுல ஆட விடாம உக்கார வச்சிட்டாய்ங்க. ஊருல பேசுறாய்ங்க, காசு வாங்கிட்டு வேணும்னே போட்டான்னு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அவனுக்கு டீ குடுக்க மாட்டேனுட்டாய்ங்களாம். வர்ற வாரம் விசாரணை முடிஞ்சா ஊருக்கே அனுப்பிருவாய்ங்க போல. எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்யிது. பின்ன? டிப்புன்னா டிப்பு பண்ணிருவானா? நான் 'குதி'ன்னா மாடியிலேருந்து குதிப்பானா? நான் என்ன பந்தைத் தொட்டேனா?

என்ன கேட்டீங்க? மச்சாது ஊருல இருக்கானான்னு கேட்டுக்கிட்டுத்தான் கெளம்புனேனான்னா... கேக்கலையே. அட, நல்ல கேள்வியா கேட்டீங்க சார். இருங்க, நம்பர் இருக்கு.

அலோ. யாரு, மச்சாது தம்பியா? நான் நல்லதம்பி. மைக்கு. ஆமாப்பா, கல்யாண வீடு. ஹிஹி. பஸ்ஸுல வந்துக்கிட்டிருக்கேன், ஒங்களத்தான் பாக்க... எதுக்கா? அன்னைக்கு நடந்ததுக்கு ஒரு வருத்தம் தெரிவிச்சிட்டு, அந்தப் புகாரை... என்ன? நீங்க குடுக்கலையா? பின்ன எவன்? ... யாரு? ... தீர்த்தகிரியா?

கட் பண்ணிட்டேன் சார். மேக்கொண்டு அவன்ட்ட என்ன பேச்சு?

கேட்டீங்களா கூத்தை? "நான் எதுக்கு அண்ணாச்சி புகார் குடுக்கேன், எனக்கு ரெண்டு பாயிண்டு கெடச்சிச்சில்லா"ன்னு சிரிக்கிறான். குடுத்தது அந்தக் கொக்காம், அவனே போன் போட்டு மச்சாதுகிட்ட சொன்னானாம். நாந்தான் கோச் குரல்ல கத்துனேன்னு எழுதிக் குடுத்திருக்கானாம். மச்சாது இன்னொண்ணு சொல்றான் சார், அவனுக்கும் அந்தக் குரல் கேட்டுச்சாம், சத்தியமா ஜோஜி சாருன்னே நெனச்சானாம். எதிரி வாயால சர்டிபிகேட்டு! அச்சு அசல்!

நன்றி கெட்ட பய. பேரு வச்சவன் நான். ஊருக்கே தெரிய வச்சவன் நான். இருங்க, அவனையே கேக்குறேன். ... அடிச்சுக்கிட்டே இருக்கு. எடுக்க மாட்டேங்குறான். என் நம்பருன்னு தெரியுதுல்ல.

சார், ஒங்க போனைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு காலு. புது நம்பருன்னா எடுப்பான். என் குரல்ல பேசுனா வச்சிருவான், அது எனக்குத் தெரியாதா? ஜோஜி சார் குரல்ல பேசுறேன். சாரு சொன்னா மறுபேச்சு பேசாம கேக்குற பய. வாபஸ் வாங்கிருவான், ஞாயித்துக்கிழமை மைக்கு நம்ம கையில. பாருங்க வேடிக்கைய. சிரிச்சுராதீங்க.

எடுத்துட்டான்.

"மோனே! ஞான் ஜோஜி சாராணு. இது புது நம்பர். கேக்குதா? ஆ நல்லதம்பி மேல நீ கொடுத்த பராதி வேண்டா, மோனே. வாபஸ் வாங்கு. பாவம், நல்ல மனுஷன். அன்னைக்கு அவன் மைக்குல 'டிப்'புன்னு பறஞ்சது சும்மா ஒரு தமாஷ். நீ அத சீரியஸா... எந்தா? ஏன் பேச மாட்டேங்குற? எந்தா மோனே?"

...

யாரு பக்கத்துல? ஜோஜி சாரா?

ஸ்பீக்கர்லயா?

கமிஷனருமா இருக்காரு? விசாரணையா நடக்குது அங்க?

சார். வணக்கம் சார். ஆமா சார், நல்லதம்பிதான் சார். இல்ல சார், சாப்புட்டேன் சார். இல்ல சார், இது என் போனில்ல சார், பஸ்ஸுல ஒரு சார்து சார்...

வச்சுட்டாரு.

இந்தாங்க ஒங்க போனு. திருப்பிக் கூப்பிட்டா எடுக்காதீங்க.

"ரொம்பத் தாங்க்ஸ் கேட்டோ, நல்லதம்பி"ங்கிறாரு சார். ஜோஜி சாரு. நக்கலா இல்ல, நெசமாவே. எனக்குத்தான் குரல் தெரியுமே. இத்தனை வருசத்துல ஒரு தடவ எனக்குத் தாங்க்ஸ் சொன்னதில்ல அந்த மனுசன். பின்னால அந்தக் கொக்கு அழுறான். அழுதுக்கிட்டே சிரிக்கிறான். யாரோ முதுகுல தட்டுறாய்ங்க, 'ஞாயித்துக்கிழமை நீதான்டா'ன்னு.

எனக்கு எதுக்கு சார் தாங்க்ஸ்? நான் என்ன பண்ணேன்?

...

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். கொஞ்ச நேரம் பேசாம வாங்க சார்.